நாலு கதிரைக்கு ஒரு பெட்டி

ஏகாம்பரம் வீதியில் என் கடையில்
நாலு கணினி இருந்தது போன வருசம்.
மூன்று செத்தன.
மின்வெட்டில் ஒன்று, உப்புக்காற்றில் ஒன்று,
மூன்றாவது எதனால் என்று நான் திறந்தே பார்க்கவில்லை.
புதிதுக்கு விலை கேட்டேன்.
கொழும்புக்காரன் டொலரில் சொல்லிவிட்டு
ரூபாயில் சிரித்தான்.

திரைகள் நாலும் உயிரோடுதான் இருந்தன.
மிஞ்சிய பெட்டியின் முதுகில்
பழைய கிராபிக்ஸ் காட் இரண்டைச் செருகி
நாலு கதிரைக்கும் வயர் இழுத்தேன்.
முதல் நாள்
எந்தப் பலகையில் தட்டினாலும்
எழுத்தெல்லாம் ஒரே திரையில் போய் விழுந்தது,
ஒரே வாசலில் ஊரே செருப்பைக் கழற்றிய மாதிரி.
இரவிரவாய் இருந்து சொல்லிக் கொடுத்தேன்:
இந்தத் திரை உனக்கு, இந்த மவுஸ் உனக்கு,
பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காதே.
விடியும்போது கேட்டுக்கொண்டது.

உள்ளே மூளை ஒன்றுதான்.
ஆனாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக
உம்மைத் தவிர இங்கே ஒருவருமில்லை என்று
பொய் சொல்லத் தெரிந்த மூளை.

ஆனி மாதம். வெக்கை.
ஒன்றில் கிண்ணியா றிஸ்மியா. கட்டார் விண்ணப்பம்.
படம் பெரிதாம், மூன்றாம் முறையும் திரும்பி வருகிறது.
இரண்டில் ஐஸ் கொம்பனிக் கணக்கர் அருந்தவநாதன்.
மூன்றில் பௌதிகவியல் வினாத்தாளோடு ஒரு பெடியன்,
ஒரு காது மட்டும் கேட்கும் ஹெட்போன்.
நாலில் திருக்கடலூர் இரத்தினகௌரி,
என்ஜின் கடனுக்குத் தவணை கேட்டு
வங்கி மனேச்சருக்குக் கடிதம்.

ஒரு மணிக்குக் கறன்ட் போனது.
யூபிஎஸ் ஒன்று,
நாலு பேருக்காகவும் பதினொரு நிமிசம் கத்தி ஓய்ந்தது.
ஒருவரும் எழும்பவில்லை. எழும்பினால் கதிரை போய்விடும்.

மூன்று இருபதுக்கு விழித்த பெட்டிக்கு
ஆள் அடையாளம் பிசகிவிட்டது.
இரண்டின் விரல் நாலின் திரைக்கு,
நாலின் விரல் இரண்டின் திரைக்கு.
இருவருமே பலகையைப் பார்த்துத் தட்டுகிறவர்கள்.
நிமிர நேரம் எடுத்தது.

ஐஸ் பில்லில்
"25 கட்டி, நிலுவை" என்பதற்குக் கீழே:
"கடல் கிடக்குது ஐயா, எண்ணெய்தான் இல்லை.
மூன்று கிழமையாய் வள்ளம் கரையில்.
சீனக்குடாவில் அவ்வளவு தாங்கி நிற்குது,
எனக்கு ஒரு கான் மண்ணெண்ணெய் கிடைக்கேல்லை."

வங்கிக் கடிதத்தில்:
"தயவுகூர்ந்து எனக்கு மேலும்
18 கட்டி 40 கட்டி 12 கட்டி".

அவள்தான் முதலில் சிரித்தாள்.
அவர் பதறி அழிக்கப் போக
அவள் கடிதத்தின் வால் மறையத் தொடங்கியது.
"ஐயோ, என்ர மனேச்சர்!"

நான் மேசைக்குக் கீழே.
எட்டுப் பாதம், ஆறு செருப்பு,
தூசிக்குள் எந்த வயர் எவருடையது என்று தெரியவில்லை.
மேலே அவர்களே ஒரு வழி கண்டிருந்தார்கள்.
அவர் தட்ட, அவள் எண்ணினாள்.
"இன்னும் நாலு எழுத்து. ம். ம். நில்லுங்கோ."
பிறகு அவள் முறை.
"எங்க நிப்பாட்ட? சொல்லுங்கோ."
சத்தமில்லை.
"அண்ணை?"
"பொறும். வாசிக்கிறன்."

நான் சரியான வயரைப் பிடுங்கினேன்.
நாலும் தத்தம் வீட்டுக்குத் திரும்பின.

அவர் பில்லை எடுத்தார், அந்த நாலு வரியோடும்.
பார்த்தார். மேசையில் வைத்தார்.
வரிகளை அழித்து இன்னொன்று எடுத்தார்.
இரண்டுக்கும் காசு தந்தார். ஒன்றும் கதைக்கவில்லை.
அந்தப் பில் எந்த வள்ளத்துக்கு என்று
நானும் பார்க்கவில்லை.

மிஞ்சிய தாளைக் கீலம் கீலமாய் வெட்டி
முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எழுதி
வயர்களில் ஒட்டினேன்.
கழிவை வாசலில் நின்ற மான் தின்றது.
இந்த ஊர் மான்கள் கடதாசி தின்னும்.

இப்போது குழப்பமில்லை.
சிலவேளை குனிந்து தூசி தட்டும்போது
மூன்றாம் வயர் திரும்பிக் கிடக்கும்:
"எண்ணெய்தான் இ"